ரோஸ்மேரிக்காகப் பதறியவர்கள் அந்தச் சிறுமிக்காகவும் பதற வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிங்கப்பூரின் தோ பாயோ வட்டாரத்தில் வசிக்கும் நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர், பெரும்பாலும் பணி ஓய்வு பெற்றவர்களும் அவர்களுடைய பிள்ளைகள் சிலருமாக, மாதம் ஒருமுறை யாராவது ஒருவர் வீட்டு வரவேற்பறையில் கூடி, பழைய படம் ஒன்றைப் பார்த்துவிட்டுத் தேநீர் அருந்தியபடி அதைப் பற்றிப் பேசுவது வழக்கம். சென்ற மாதம் படத்தைத் தேர்ந்தெடுக்கும் முறை எனக்கு வந்தது. 1968ஆம் ஆண்டில் வெளிவந்த 'ரோஸ்மேரிஸ் பேபி' என்ற அமெரிக்கத் திகில் படத்தின் பெயரைக் குழுவின் வாட்ஸ்அப்பில் பதிவிட்டேன். அன்று மாலையே, பல்கலைக்கழகத்தில் படிக்கும் இளம்பெண் ஒருவர், "ஆன்ட்டி, இந்தப் படத்தை எடுத்தவர் என்ன செய்தார் என்று தெரிந்துதான் தேர்ந்தெடுத்தீர்களா? என்னால் வர இயலாது" என்று எழுதினார். சற்று நேரத்தில், எங்கள் குழுவின் மூத்தவரான முன்னாள் தமிழாசிரியர், "எப்பொருள் யார்யார்வாய்க் கேட்பினும்" என்ற குறளை அனுப்பி, படத்தைப் பார்ப்போம், படைத்தவரின் சொந்த வாழ்க்கை நமக்கு எதற்கு என்று கேட்டார். படம் திரையிடப்பட்டது, எட்டுப் பேர் வந்தார்கள், படம் முடிந்ததும் பேச வேண்டியதைப் பேசாமல் எல்லாரும் கலைந்தார்கள். அன்று அந்த இருவருக்குமே நான் தக்க பதில் சொல்லவில்லை. அந்தப் பதிலைத்தான் இக்கடிதத்தில் எழுத முயல்கிறேன். தங்கள் வாசகர் பலரும் இதே கேள்வியை வேறொரு பாடகரையோ இயக்குநரையோ முன்னிட்டுத் தம் வீடுகளில் எதிர்கொண்டிருப்பார்கள் என்பதால் இதை நாளிதழில் வெளியிடுவது பொருந்தும் என்று நம்புகிறேன்.

முதலில், அந்த இளம்பெண் குறிப்பிட்ட செய்தி. படத்தின் இயக்குநர் ரோமன் போலன்ஸ்கி, 1977ஆம் ஆண்டு மார்ச் மாதம், தமக்கு 43 வயதாக இருந்தபோது, லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் 13 வயதுச் சிறுமி ஒருவரைப் பத்திரிகைக்குப் புகைப்படம் எடுப்பதாகச் சொல்லி அழைத்துச் சென்று, ஷாம்பெயின் மதுவும் மயக்கம் தரும் மாத்திரையின் ஒரு பகுதியும் கொடுத்து, அவர் மறுத்தும் கேளாமல் வன்கொடுமை செய்தார் என்று அச்சிறுமி சாட்சியம் அளித்தார். போலன்ஸ்கிமீது 6 குற்றச்சாட்டுகள் சுமத்தப்பட்டன. வழக்கறிஞர்களுக்கிடையே செய்துகொள்ளப்பட்ட உடன்பாட்டின்படி, சட்டம் வகுத்த வயதை எட்டாத பெண்ணுடன் உறவு கொண்ட குற்றத்தை மட்டும் அவர் ஒப்புக்கொண்டார்; மனநல மதிப்பீட்டுக்காக 42 நாள் சிறையில் இருந்தார்; நீதிபதி மேலும் தண்டனை விதிக்கக்கூடும் என்று தெரிந்ததும், 1978ஆம் ஆண்டின் தொடக்கத்தில், தீர்ப்பைக் கேட்காமலேயே பிரான்சுக்குத் தப்பிச் சென்றார். 2009இல் சுவிட்சர்லாந்தின் ஸூரிக் நகரில் கைது செய்யப்பட்டபோதும், மறு ஆண்டு அந்நாடு அவரை அமெரிக்காவிடம் ஒப்படைக்க மறுத்து விடுவித்தது. பின்னாளில் வேறு சில பெண்களும் அவர்மீது குற்றம் சாட்டினார்கள், அவர் மறுத்தார். அவற்றை இங்கே நான் எடுத்துக்கொள்ளவில்லை. அவரே நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது எதுவோ அதுவே என் கருத்துக்குப் போதுமானது.

அச்சிறுமி வளர்ந்து, தம் பெயரைத் தாமே வெளியிட்டு, 2013இல் ஒரு நூலும் எழுதினார். ஆனாலும் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடாத நம் ஊர்ச் செய்தித்தாள்களின் நெறியை மதித்து அவர் பெயரை நான் எழுதவில்லை. 13 வயது என்பதை நம் பிள்ளைகளை வைத்து எண்ணிப் பார்த்தால், அது தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இ முடித்து உயர்நிலை ஒன்றில் புதுச் சீருடையோடு சேர்ந்த வயது. நம் தண்டனைச் சட்டத்தில், 14 வயதுக்குட்பட்ட பெண்ணுடன் உறவு கொள்வது, அவள் இணங்கினாளா இல்லையா என்ற கேள்விக்கே இடமின்றி, வன்புணர்ச்சியாகவே கருதப்படுகிறது. "அந்தக் காலத்து ஹாலிவுட்டில் அப்படித்தான்" என்று எங்கள் குழுவில் ஒருவர் சொன்னார். அந்தக் காலத்திலும் அது குற்றமாக இருந்ததனால்தான் அங்கே வழக்குத் தொடுக்கப்பட்டது.

இனி அந்தப் படத்தை நான் ஏன் தேர்ந்தெடுத்தேன் என்பதைச் சொல்ல வேண்டும். நான் பொது மருத்துவமனை ஒன்றின் பிரசவப் பிரிவில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் தாதியாகப் பணியாற்றியவள். பயிற்சி முடித்த புதிதில், 1980களில், தோழி ஒருத்தியின் வீட்டில் வீடியோ நாடாவில் இப்படத்தை முதன்முதலாகப் பார்த்தேன். பேய்ப்படம் என்று எண்ணிப் பார்க்க உட்கார்ந்தவளுக்கு, அன்றாடம் வார்டில் நான் பார்த்துக்கொண்டிருந்ததே திரையில் வந்து நின்றதுபோல் இருந்தது.

கதை பலருக்குத் தெரிந்திருக்கும். நியூயார்க்கில் ஒரு பழைய அடுக்குமாடிக் கட்டடத்தில் இளம் தம்பதியர் குடியேறுகிறார்கள். கணவன் வாய்ப்புக்காக ஏங்கும் நடிகன். பக்கத்து வீட்டு முதிய தம்பதியர் அன்பைப் பொழிகிறார்கள். சாத்தானை வழிபடும் அவர்களோடு கணவன் இரகசியமாக உடன்பட்டு, மனைவி ரோஸ்மேரியின் வயிற்றில் சாத்தானின் பிள்ளை உருவாக இடம் கொடுக்கிறான். அவர்கள் கொடுத்தனுப்பிய சாக்லெட் இனிப்பின் அடியில் ஏதோ மாவுச்சுவை இருப்பதாக உணர்ந்து ரோஸ்மேரி பாதியைக் கணவனுக்குத் தெரியாமல் ஒதுக்கிவிடுகிறாள். பாதி மயக்கத்தில் தனக்கு நேர்வதைக் கண்டு, இது கனவல்ல, உண்மையாகவே நடக்கிறது என்று கத்துகிறாள். மறுநாள் காலையில் உடலெங்கும் நகக்கீறல்களோடு எழுந்தவளிடம், நீ தூங்கிக்கொண்டிருந்தபோது நான்தான் உன்னோடு இருந்தேன் என்று கணவன் இயல்பாகச் சொல்கிறான். அவள் முகம் சுருங்குகிறது. ஆனால் அதற்குமேல் என்ன சொல்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. (மனைவியின் சம்மதமின்றி உறவு கொள்ளும் கணவனுக்கு நம் சட்டம் அளித்திருந்த விலக்கு 2020ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளில்தான் முழுமையாக நீங்கியது என்பதை நினைத்தால், அந்தச் சில நொடிகளுக்குள் எவ்வளவு அடங்கியிருக்கிறது என்பது புரியும்.)

அதன்பிறகு வருவதுதான் என்னைப் போன்ற ஒரு தாதிக்கு நெஞ்சை அடைக்கும் பகுதி. அவளே தேடிப்போன இளம் மருத்துவரிடமிருந்து அவளைப் பிரித்து, ஊரறிந்த பெரிய மருத்துவர் ஒருவரிடம் அழைத்துச் செல்கிறார்கள். அவர் புத்தகங்கள் படிக்காதே என்கிறார், தோழிகள் சொல்வதைக் கேட்காதே என்கிறார், பக்கத்து வீட்டம்மாள் அரைத்துத் தரும் பச்சிலைச் சாற்றை நாள்தோறும் குடி என்கிறார். வாரக்கணக்கில் வலிக்கிறது. எடை கூட வேண்டிய காலத்தில் அவள் கன்னம் ஒட்டிப்போகிறாள். வலி தானாகப் போய்விடும் என்று எல்லாரும் சிரித்துக்கொண்டே சொல்கிறார்கள். ஒரு விருந்து நாளில், அவளுடைய தோழிகள் கணவனைச் சமையலறைக்கு வெளியே நிறுத்திக் கதவைச் சாத்திவிட்டு, இப்படி வலிப்பது ஓர் எச்சரிக்கை, வேறு மருத்துவரைப் பார் என்று சொல்லும்போது, அத்தனை நாளும் அடக்கி வைத்திருந்த அழுகை அவளுக்குப் பீறிட்டு வருகிறது. பிரசவ வார்டில் எனக்கு மூத்த தாதி ஒருவர் முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடுத்த பாடம் இதுதான்: வலிக்கிறது என்று ஒரு பெண் சொன்னால், கூட வந்தவர்களிடம் விளக்கம் கேட்காதே, திரையை இழுத்துவிட்டு அவளிடம் தனியாகக் கேள். கடைசியில் ரோஸ்மேரி தப்பி ஓடி அந்த முதல் மருத்துவரிடம் எல்லாவற்றையும் கொட்டுகிறாள். அவர் கனிவோடு கேட்டு, அவளைப் படுக்கவைத்து, விளக்கைக் குறைத்துவிட்டு, அவள் கணவனையும் பெரிய மருத்துவரையும் தொலைபேசியில் வரவழைக்கிறார். கெட்ட எண்ணம் ஏதுமில்லாத ஒருவர், மரியாதைக்குரியவர்களின் சொல்லை எடுத்துக்கொண்டு அவள் சொல்லைத் தள்ளிவிடுகிறார். படத்தில் சாத்தான் வருகிறான் என்பார்கள். எனக்கு அந்த மருத்துவரின் அறையைவிட அச்சமூட்டும் இடம் அப்படத்தில் இல்லை.

இந்தப் படத்தை எடுத்தவர்தான் ஒன்பது ஆண்டுகள் கழித்து 13 வயதுச் சிறுமிக்கு மதுவும் மாத்திரையும் கொடுத்தார். இதை எப்படி விளங்கிக்கொள்வது என்று பல நாள் யோசித்தேன். படமும் மனிதரும் வேறு வேறு என்று தமிழாசிரியர் ஐயா சொல்வதுபோல் பிரித்து வைக்க என்னால் இயலவில்லை, ஏனென்றால் குற்றமும் கதையும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கின்றன. மயக்க மருந்து கொடுக்கப்பட்ட பெண் எப்படி உணர்வாள், நடந்ததை அவள் சொன்னால் எப்படி ஒருவரும் நம்பமாட்டார்கள், அவளைச் சுற்றியுள்ள பெரிய மனிதர்கள் எப்படி ஒருவரையொருவர் காப்பாற்றிக்கொள்வார்கள் என்பதையெல்லாம் தாமே திரைக்கதையாக எழுதி, காட்சி காட்சியாக நடிக்கவைத்து, 136 நிமிடப் படமாகக் கோத்தவர் அவர். கதை அமெரிக்க எழுத்தாளர் ஐரா லெவினுடையது, நாவல் அதற்கு முந்தைய ஆண்டு வெளிவந்தது என்பது உண்மை. ஆனால் அந்த நாவலின் ஒவ்வொரு நுணுக்கத்தையும் உள்வாங்கிக்கொள்ளாமல் அத்தனை நெருக்கமாக அதைப் படமாக்கியிருக்க முடியாது. ஆகவே, தாம் செய்வது அப்பெண்பிள்ளைக்கு என்னவாக இருக்கும் என்று அவருக்குத் தெரியாது என்று சொல்ல வழியே இல்லை. அவருக்குத் தெரிந்திருந்தது என்பதற்கு அவருடைய படமே சாட்சி சொல்கிறது. அந்தச் சாட்சியை யாரும் பார்க்கக்கூடாது என்று நான் எப்படிச் சொல்வேன்?

இதே காரணத்தால்தான் அந்த இளம்பெண்ணின் கோபம் எனக்கு முழுவதும் நியாயமாகப் படுகிறது. அவர் வராமல் இருந்தது அவருடைய உரிமை. இத்தகைய ஒருவருடைய கைவண்ணத்தைப் பார்த்து வியக்க மனம் ஒப்பவில்லை என்பவரை, ரசனை தெரியாதவர் என்று பேசியவர்கள் பேசியது தவறு. ஆனால் யாருமே பார்க்கக்கூடாது என்று அவர் சொல்லியிருந்தால் நான் மறுத்திருப்பேன். அந்தப் படம் ஒருவருடைய சொத்து மட்டுமன்று. காதுக்கு இனிதாய்த் தொடங்கி மெல்ல மெல்லக் குலைநடுங்க வைக்கும் அந்தத் தாலாட்டுக்கு இசையமைத்தவர் போலந்து நாட்டு இசைக்கலைஞர் கிறிஸ்டோஃப் கொமேடா. அதைத் தம் குரலிலேயே பாடியவர் ரோஸ்மேரியாக நடித்த மியா ஃபாரோ. பக்கத்து வீட்டம்மாளாக வந்து நம்மைச் சிரிக்கவும் நடுங்கவும் வைத்த ரூத் கார்டன் அதற்காகத் தம் 72ஆம் வயதில் ஆஸ்கர் விருது பெற்றார். படுக்கையறையில் அவர் தொலைபேசியில் பேசும்போது கதவுநிலை பாதி உருவத்தை மறைக்கும்படி, இயக்குநர் கேட்டுக்கொண்டதற்கேற்ப, ஒளிப்பதிவாளர் வில்லியம் ஃபிரேக்கர் கேமராவை நிறுத்தியதும், அரங்கில் இருந்தவர்கள் எல்லாரும் கதவுக்கு அப்பால் எட்டிப் பார்ப்பதற்காகத் தலையைச் சாய்த்தார்கள் என்பதும் திரைப்பட மாணவர்களுக்கு இன்றும் சொல்லப்படும் செய்தி. என் வரவேற்பறையிலும் இரண்டு தலைகள் சாய்ந்ததைப் பார்த்தேன். இவர்களுடைய உழைப்பையெல்லாம் ஒருவருடைய குற்றத்தோடு சேர்த்துப் புதைப்பது எனக்கு நேர்மையாகத் தோன்றவில்லை. முக்கியமாக, தன் உடலைத் தன்னிடமிருந்து பிறர் பறித்துக்கொள்வதை ஒரு பெண் எப்படி அனுபவிப்பாள் என்பதை மியா ஃபாரோவைப் போல் திரையில் காட்டியவர்கள் மிகச் சிலரே. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 2014இல் இப்படத்தைத் தன் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்த்துப் பாதுகாக்கிறது. அது சரியான செயல் என்றே கருதுகிறேன். ஒரு படத்தைப் பாதுகாப்பதும் அதை எடுத்தவரை மேடையேற்றி மாலை போடுவதும் வெவ்வேறு காரியங்கள்.

மாலை போட்டதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. 2003இல், வேறொரு படத்துக்காகச் சிறந்த இயக்குநருக்கான ஆஸ்கர் அவருக்கு அறிவிக்கப்பட்டபோது, கைதாகிவிடுவோம் என்பதால் வர இயலாத ஒருவருக்காக அரங்கில் பெருந்திரளானோர் எழுந்து நின்று கைதட்டினார்கள். அவர் சட்டத்திடமிருந்து ஓடி அப்போது 25 ஆண்டுகள் ஆகியிருந்தன. 2009இல் கைதானபோது, உலகப் புகழ் பெற்ற இயக்குநர்களும் நடிகர்களும் நூற்றுக்கு மேற்பட்டோர் அவரை விடுவிக்கக் கோரிக் கையெழுத்திட்டார்கள். ஆஸ்கர் விருதை வழங்கும் அமெரிக்கத் திரைப்படக் கழகம் 2018இல்தான் அவரை உறுப்பினர் பட்டியலிலிருந்து நீக்கியது. அதன்பிறகும், 2020 பிப்ரவரியில் பிரான்சின் சேசார் விழாவில் சிறந்த இயக்குநர் விருது அவருக்கே வழங்கப்பட்டது. நடிகை அடெல் எனெல் அரங்கைவிட்டு எழுந்து வெளியேறினார்; அவர் பின்னால் இன்னும் சிலர் போனார்கள். எஞ்சியவர்கள் தம் இருக்கைகளில் அமர்ந்திருந்தார்கள்.

படத்தை மீண்டும் பார்த்தபோது, அந்த அரங்குகளில் கைதட்டியவர்கள் என் கண்முன் வந்தார்கள். ரோஸ்மேரியின் கணவன் மனைவியைக் கொடுத்துப் பெற்றுக்கொண்டது என்ன? ஒரு நாடகத்தில் முக்கிய வேடம். அவளைச் சுற்றி வளைத்தவர்கள் எவரும் கொம்பும் பல்லும் வைத்த அரக்கர்கள் இல்லை. நல்ல உடை உடுத்தி, பலகாரம் கொண்டுவந்து தந்து, உடல்நலம் விசாரிக்கிற பெரியவர்கள். ஒரு பெண்ணுக்கு நேர்ந்ததை ஒரு தட்டிலும் ஒருவனுடைய தொழில் வளர்ச்சியை மறுதட்டிலும் வைத்துப் பார்த்து, இரண்டாவது கனமானது என்று அவர்கள் முடிவு செய்தார்கள். அவருடைய திறமையைப் பாருங்கள், அந்தச் சிறுமி என்றோ நடந்த கதை என்று சொல்லிக் கைதட்டியவர்கள் அதே தராசைத்தானே பிடித்தார்கள்?

தமிழாசிரியர் ஐயா எடுத்துக்காட்டிய குறளைப் பற்றியும் சொல்ல வேண்டும். யார் வாயிலிருந்து வந்தாலும் சொல்லின் மெய்ப்பொருளைக் காண்பது அறிவு என்கிறார் வள்ளுவர். சொன்னவர் இழிந்தவர் என்பதற்காக நல்ல சொல்லைத் தள்ளாதே என்று அதற்கு ஐயா பொருள் கொள்கிறார். நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சொன்னவர் பெரியவர் என்பதற்காகப் பொய்யை ஏற்காதே என்பதும் அதே குறளில்தான் இருக்கிறது. பெரிய மருத்துவர் சொன்னார் என்பதற்காக ரோஸ்மேரியைத் திருப்பி அனுப்பியவர் அந்த இரண்டாம் பொருளைத் தவறவிட்டவர். பெரிய கலைஞர் என்பதற்காக 13 வயதுப் பிள்ளையின் சாட்சியத்தை ஒதுக்கியவர்களும் அவ்வாறே. ஐயாவிடம் இதைச் சொன்னபோது அவர் சற்று நேரம் பேசாமல் இருந்து, பரிமேலழகர் உரையை மறுபடி எடுத்துப் பார்க்கிறேன் என்றார்.

எங்கள் குழுவில் எழுந்த இன்னும் இரண்டு வாதங்கள் உண்டு. போலன்ஸ்கி பட்ட துன்பங்கள் ஒன்று. போலந்தில் யூதச் சிறுவனாக நாஜிகளிடமிருந்து ஒளிந்து உயிர் பிழைத்தவர். தாயை ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் இழந்தவர். நிறைமாதக் கர்ப்பிணியான மனைவி ஷேரன் டேட்டை 1969 ஆகஸ்டில் கொலைகாரர்களுக்குப் பறிகொடுத்தவர். அதை நினைத்தால் யாருக்கும் மனம் கலங்கும், எனக்கும் கலங்குகிறது. ஆனால் அந்தத் துயரங்களுக்கு ஈடாக ஒரு சிறுமி எதையும் கொடுக்கக் கடன்பட்டவள் இல்லை. மற்றொன்று, பாதிக்கப்பட்டவரே மன்னித்துவிட்டார் என்பது. அவர் பல ஆண்டுகளாக வழக்கை முடித்துவைக்கும்படி கேட்டு வந்தது உண்மை, 2017இல் நீதிமன்றத்துக்கே நேரில் வந்து கேட்டார், நீதிபதி இணங்கவில்லை. நடந்த கொடுமையோடு, பின்னால் செய்தியாளர்களும் நீதிமன்றமும் தம்மைப் படுத்திய பாடும் அவரை அவ்வாறு கேட்க வைத்தது. அவருடைய மன்னிப்பு அவருக்குச் சொந்தமானது, அதை மதிக்கிறேன். அவர் கொடுத்த மன்னிப்பை எடுத்து, விருது மேடைக்கு விரிப்பாகப் போட வேறு எவருக்கும் உரிமை இல்லை. 13, 14 வயதில் பிரசவத்துக்கு வந்த பிள்ளைகளின் கையை நான் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். வலி தொடங்கியதும் அவர்கள் "அம்மா" என்று கூப்பிடும் குரல் சின்னஞ்சிறு குழந்தையின் குரல்தான். அந்தக் குரலைக் கேட்ட பிறகு, "என்றோ நடந்தது" என்ற சொல்லை என்னால் பொறுத்துக்கொள்ள முடிவதில்லை.

தமிழ்த் திரையுலகிலும் 2018 அக்டோபரில் பெண்கள் தமக்கு நேர்ந்த பாலியல் தொல்லைகளைப் பற்றி வெளிப்படையாகப் பேசத் தொடங்கினார்கள். கேரளத்தில், மலையாளத் திரையுலகில் பெண்கள் படும் இன்னல்களை ஆராய்ந்த நீதிபதி ஹேமா குழுவின் அறிக்கை 2024 ஆகஸ்டில் வெளிவந்தது. இரண்டு முறையும் எங்கள் வட்டாரத்துத் தமிழர்கள் கேட்ட முதல் கேள்வி, "இனி அந்தப் பாட்டைக் கேட்கலாமா, அந்தப் படத்தைப் பார்க்கலாமா" என்பதாகவே இருந்தது. பேசிய பெண்களுக்கு வேலை கிடைக்கிறதா, அவர்களுடைய குரல் கேட்கப்படுகிறதா என்று கேட்டவர்கள் குறைவு. நானும் அந்த முதல் கேள்வியைத்தான் முதலில் கேட்டேன் என்பதை வருத்தத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

தங்கள் நாளிதழுக்கு ஒரு வேண்டுகோள். பழைய படங்களைப் பற்றி எழுதும்போது, இயக்குநர் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்ட அல்லது நிரூபிக்கப்பட்ட குற்றம் இருந்தால், அதையும் அதே கட்டுரையில், மேதை என்ற சொல்லுக்குப் பக்கத்திலேயே, ஒரு பத்தியாவது எழுதச் சொல்லுங்கள். படத்தின் கதைக்கும் அக்குற்றத்துக்கும் தொடர்பு இருந்தால், கதையைப் பேசும் இடத்திலேயே அதையும் பேசட்டும். "சர்ச்சைக்குரியவர்" என்ற ஒற்றைச் சொல்லால் கடந்துபோக வேண்டாம். சர்ச்சை என்றால் இரு தரப்பு வழக்காடுவது; இங்கே குற்றம் ஒப்புக்கொள்ளப்பட்டுவிட்டது.

எங்கள் குழு அடுத்த மாதம் மீண்டும் கூடுகிறது. அந்த இளம்பெண்ணை நேரில் சென்று பார்த்துப் பேசினேன். படத்தை அவர் இன்னும் பார்க்க விரும்பவில்லை. ஆனால் கூட்டத்துக்கு வந்து, 1977இல் நடந்ததைப் பற்றி முதலில் தாம் பேசுவதாகவும், அது முடியும்வரை யாரும் குறுக்கிடக்கூடாது என்றும் சொன்னார். ஐயாவும் நானும் சம்மதித்தோம். அதன்பிறகு அந்தச் சமையலறைக் காட்சியை மட்டும் திரையிட்டுப் பேசலாம் என்றிருக்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாதி ஒருவர்,
தோ பாயோ